மல்டர்–ஸ்கலி போன்ற இணை எந்த நாவலில் கிடைக்கும்?

அடித்தளவாசி கேட்கிறார்:

வணக்கம். 1993 முதல் 2002 வரை ஒளிபரப்பான 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து முடித்திருக்கிறேன். வேற்றுக்கிரகவாசிகளின் சதியைப் பற்றிய நெடுங்கதை இப்போது அலுப்பூட்டுகிறது. ஆனால் அதில் விளக்க முடியாத வழக்குகளைத் துப்பறியும் இரு எஃப்.பி.ஐ. அதிகாரிகள், அமானுஷ்யத்தை நம்பும் மல்டரும் நம்ப மறுக்கும் ஸ்கலியும் மட்டும், சற்றும் பழசாகவில்லை. அவர்களைப் போன்ற இருவரைப் புத்தகத்தில் தேடுகிறேன்.

எதைத் தேடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மல்டரின் விசாரணைகளை அறிவியல் கண்கொண்டு மதிப்பிட்டு அறிக்கை தரும்படிதான் மருத்துவரான ஸ்கலியை எஃப்.பி.ஐ. மேலிடம் மல்டரின் அடித்தள அலுவலக அறைக்கு அனுப்புகிறது. ஒரு வகையில் அவர் வேவு பார்க்க வந்தவர். அது மல்டருக்கும் தெரியும். அப்படித் தொடங்கியவர்கள் எங்கே வந்து நிற்கிறார்கள் என்பதற்கு முதல் பருவத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. இரவில் காரில் அமர்ந்து ஒருவனைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் மல்டருக்கு ஸ்கலி சாண்ட்விச் கொண்டுவருகிறார். வழக்கத்துக்கு மாறாக 'ஃபாக்ஸ்' என்று முதற்பெயரைச் சொல்லி அவர் பேசத் தொடங்க, பெற்றோரைக்கூடத் தன்னை மல்டர் என்றே கூப்பிடவைத்ததாக மல்டர் மழுப்ப, உன்னைத் தவிர வேறு எவருக்காகவும் இவ்வளவு தூரம் துணியமாட்டேன் என்னும் பொருள்பட ஸ்கலி சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் அங்கே எதுவும் நடப்பதில்லை.

இருவருக்கும் பொதுவான ஒரு வேலை இருக்க வேண்டும். உலகத்தைப் பார்க்கும் விதத்தில் இருவரும் முரண்பட வேண்டும். வாதத்தில் யார் தோற்றாலும் மதிப்புக் குறையக் கூடாது. தயவுசெய்து 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத்–டார்சி என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் சேர்ந்து செய்த வேலை என்று எதுவுமே கிடையாது.

பழைய புத்தகக்கடை:

நீங்கள் கேட்பது ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தி வருவது ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் டோரத்தி சேயர்ஸ் படைத்த பீட்டர் விம்சி–ஹாரியட் வேன் இணைக்குத்தான். விம்சி, பொழுதுபோக்காகத் துப்பறியும் ஒரு பிரபு. 1930இல் வெளிவந்த 'ஸ்ட்ராங் பாய்சன்', முன்னாள் காதலனுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கும் ஹாரியட்டோடு தொடங்குகிறது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் வழக்கு மறுவிசாரணைக்குத் தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் சிறைக்குச் சென்று அவரைப் பார்க்கும் விம்சி, முதல் சந்திப்பிலேயே தன்னைத் திருமணம் செய்துகொள்ளும்படி கேட்டுவிடுகிறார். ஹாரியட் மறுக்கிறார்.

சாட்சியங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் அதை நம்ப மறுத்து அலைவது அச்சு அசலாக மல்டர் செய்கிற காரியம். ஆனால் ஹாரியட் காப்பாற்றப்படுவதற்காகவே படைக்கப்பட்ட நாயகி என்று நினைத்துவிட வேண்டாம். அவரே துப்பறியும் நாவல்கள் எழுதிப் பிழைப்பவர். 1932இல் வந்த 'ஹேவ் ஹிஸ் கார்கஸ்' நாவலில் கடற்கரை வழியே தனியாக நடைப்பயணம் போகிறவர், பாறைமீது கழுத்தறுபட்ட உடல் ஒன்றைக் காண்கிறார். கடல் ஏறி வந்தால் உடலை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதை உணர்ந்து, குமட்டலை அடக்கிக்கொண்டு, ரத்தம் இன்னும் உறையாமலிருப்பதைக் கவனிக்கிறார், படம் எடுக்கிறார், ஒரு காலணியைக் கழற்றி எடுத்துக்கொள்கிறார். ஸ்கலியின் பிரேதப் பரிசோதனை மேசை நினைவுக்கு வராமல் போகாது.

இவர்களுக்கு இடையே நிற்கும் தடை மேலதிகாரியோ சதியோ இல்லை, நன்றிக்கடன். உயிரைக் காப்பாற்றியவரை மணந்துகொண்டால் ஆயுள் முழுக்கக் கடனாளியாகவே வாழ வேண்டியிருக்கும் என்று ஹாரியட் அஞ்சுகிறார். நன்றியை எதிர்பார்ப்பவனாகத் தன்னைப் பார்க்கிறாளே என்று விம்சி கொதிக்கிறார். இந்த முடிச்சு அவிழ்வது 1935இல் வந்த 'காடி நைட்' நாவலில். ஆக்ஸ்ஃபோர்டில் கற்பனையான ஒரு மகளிர் கல்லூரி, அங்கே மொட்டைக் கடிதங்கள். (1920இல் ஆக்ஸ்ஃபோர்டு முதன்முதலாகப் பெண்களுக்குப் பட்டம் வழங்கியபோது பெற்றவர்களில் சேயர்ஸும் ஒருவர், அந்த வளாகத்தை அவர் எழுதும் விதத்தில் அது தெரியும்.) விசாரித்துக்கொண்டிருக்கும் ஹாரியட்டின் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்த பிறகும் விம்சி அவரை விலகிக்கொள்ளச் சொல்வதில்லை. கழுத்தை நெரிக்க வருபவரிடமிருந்து தப்பும் பிடிகளைக் கற்றுத்தருகிறார். கழுத்தில் அணிந்துகொள்ளத் தடித்த நாய்ப்பட்டை ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார். காதலன் தரும் கழுத்தணி!

அதே நாவலில் ஹாரியட் பதினான்கு வரிக் கவிதை ஒன்றை எட்டு வரிகளோடு விட்டுவிடுகிறார். அது எதேச்சையாக விம்சியின் கைக்குப் போகிறது. மீதி ஆறு வரிகளை அவர் எழுதி முடிக்கிறார். ஹாரியட் அமைதியைப் பாடியிருக்க, சாட்டை விழ விழத்தான் பம்பரம் நிமிர்ந்து நிற்கும் என்ற போக்கில் விம்சி மறுமொழி சொல்கிறார். கவிதைக்குள்ளேயே ஒரு வாதம் நடக்கிறது. நீங்கள் தேடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மழைநாள் வாசகி:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் விம்சியின் பிரபுத்துவப் பேச்சும் மேற்கோள்களும் பலருக்கு முதல் ஐம்பது பக்கங்களிலேயே அலுத்துவிடும். இன்றைய நடையில் வேண்டுமென்றால் ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் ஜே.கே. ரௌலிங் எழுதிவரும் வரிசையைப் பாருங்கள். 2013இல் 'தி குக்கூஸ் காலிங்' நாவலோடு தொடங்கியது. ஆப்கானிஸ்தானில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்த முன்னாள் ராணுவ விசாரணையாளர் கார்மரன் ஸ்ட்ரைக், லண்டன் டென்மார்க் தெருவில் கடனில் ஓடும் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். ராபின் எலகாட் தற்காலிகச் செயலாளராக அங்கே வருகிறார். கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வரும் ஸ்ட்ரைக், வந்த முதல் நாளே அவரை மாடிப்படியிலிருந்து உருட்டிவிடப் பார்க்கிறார்.

வேலை வழியாக வளரும் நம்பிக்கை இதில் அபாரமாக வந்திருக்கிறது. ராபின் செயலாளரிலிருந்து தொழிற்கூட்டாளியாக உயர்வதைப் படிப்படியாகப் பார்க்கலாம். குறை ஒன்று உண்டு: இருவரும் உலகத்தை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள், ஆகவே உங்கள் இரண்டாவது நிபந்தனை நிறைவேறாது. இன்னொன்று, தொலைக்காட்சியில் ஒரு பார்வையில் முடிந்துபோவதை ரௌலிங் இருவர் மனத்துக்குள்ளும் மாறி மாறிப் புகுந்து பக்கம் பக்கமாக விளக்குகிறார். சில சமயம் இருவரையும் ஓர் அறையில் பூட்டிவைத்துப் பேசி முடிக்கச் சொல்லலாமா என்று தோன்றும்.

பாக்கெட் நாவல் பிரியர்:

ஆங்கிலத்துக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்க வந்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் போயிருக்கிறீர்கள். நம்மிடமும் ஆணும் பெண்ணுமாகத் துப்பறியும் இணைகள் உண்டு: பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா. இவர்களில் மல்டர்–ஸ்கலியின் சீண்டலுக்கு அருகில் வருபவர்கள் பரத்தும் சுசீலாவும். சுசீலாவின் பனியனில் இன்று என்ன வாசகம் என்று பார்ப்பதற்காகவே மாத நாவல் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் சீண்டல் வழக்குக்குப் பக்கத்தில் ஓடும் நகைச்சுவை. வழக்கைப் பற்றிய கருத்து வேறுபாடாக அது பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரே மூச்சில் படிக்க எழுதப்பட்ட கதைகளிடம் அதைக் கேட்பதும் சரியாகாது.

அடித்தளவாசி:

அனைவருக்கும் நன்றி. நாய்ப்பட்டையிலேயே நான் விழுந்துவிட்டேன், ஆகவே சேயர்ஸில் தொடங்குகிறேன். விம்சி நாவல்கள் அனைத்தையும் வரிசையாகப் படித்தாக வேண்டுமா? திருமணத்துக்குப் பிறகு சுவை குன்றிவிடுகிறதா? தொலைக்காட்சித் தொடர்களில் இணை சேர்ந்த மறுவாரமே கதை படுத்துவிடுவதைப் பலமுறை பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

பழைய புத்தகக்கடை:

அனைத்தும் வேண்டாம். ஹாரியட்டுக்காக என்றால் நான்கே நாவல்கள்: மேலே சொன்ன மூன்றும், 1937இல் வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' என்பதும். இடையில் வந்த 'ஃபைவ் ரெட் ஹெரிங்ஸ்', 'தி நைன் டெய்லர்ஸ்' ஆகியவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 'காடி நைட்' நாவலை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். முந்தைய இரண்டின் கசப்பு தெரியாவிட்டால் அதில் ஹாரியட் வீம்பு பிடிப்பவராகத் தோன்றிவிடுவார்.

திருமணத்துக்குப் பிந்தைய சுவையைப் பொறுத்தவரை, அகதா கிறிஸ்டியின் டாமி–டப்பன்ஸ் இணை 1922 முதல் 1973 வரை நாவலுக்கு நாவல் வயதேறிக்கொண்டே குறும்பு குறையாமல் இருந்தது. ஆகவே அது விதியொன்றும் இல்லை. 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' நாவலில் விம்சி தம்பதி தேனிலவுக்குப் போன வீட்டின் நிலவறையில் பிணம் கிடக்கிறது. விசாரணை தங்களுக்குத் தெரிந்தவர்களையே குறிவைக்கும் என்ற நிலையில், இதை விட்டுவிடுங்கள் என்று ஹாரியட் சொல்ல, விம்சியும் இணங்கத் தயாராகிறார். அவர் இணங்கியதைப் பார்த்ததும் ஹாரியட்டே தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.