முத்திரை யார் சட்டைப் பையில் இருந்தது?

அல்சூர்வாசி:
பெங்களூர் மாநகராட்சியின் 2015 தேர்தலில் 198 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்: இடம் கிடைத்த பெண்ணுக்குப் பேச்சும் கிடைக்கிறதா? 2017ஆம் ஆண்டு, அம்மாவின் ஆதாரில் முகவரியை மாற்றுவதற்காகக் கவுன்சிலரிடம் கடிதம் வாங்கப் போயிருந்தேன். எங்கள் கவுன்சிலர் பெண். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர். கையெழுத்து முன்பே போட்டு வைத்த கடிதத் தாள்கள் ஓர் அட்டையில் அடுக்கியிருந்தன. அவர் ஒன்றை உருவி, அம்மாவின் படத்தை ஒட்டச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்தப் பையின் அடியில் ஊதா மை ஊறிப் பரவியிருந்தது. முத்திரை அங்கேயே குடியிருக்கிறது என்பதை அந்தக் கறை காட்டிக் கொடுத்தது.

அப்போது கவுன்சிலர் உள்ளறையிலிருந்து வந்தார். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவா? மூலையில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறதே, இன்னும் மாற்றவில்லையா?" என்று தமிழிலேயே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் அடுத்தவரை அழைத்துவிட்டார். நானும் எழுந்து, "நன்றி, கவுன்சிலர் சார்" என்று கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள்; வாக்குப் பெற்று வென்றவருக்கோ "கவுன்சிலர் வீட்டம்மா" என்று பெயர். மூடி உடைந்திருந்தது உண்மை. அதைத் தெரிந்து வைத்திருந்தவர் அந்த அம்மா. நான் நன்றி சொன்னது வேறொருவருக்கு.

ஸ்ரீராமபுரம் செல்வி:
அல்சூர் சகோதரி சொன்னதை நான் மறுக்கவில்லை; ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார் என்பது என் வருத்தம். இத்தகைய கதைகளைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, ஒதுக்கீடு கொடுத்தால் கணவர்தான் ஆள்கிறார்" என்று சொல்லி ஒதுக்கீட்டையே எடுத்துவிடத் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வார்டிலும் முதல் இரண்டு ஆண்டுகள் கணவர்தான் எல்லாம். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், தெருவிளக்கு வேலையைப் பார்க்க வந்த பொறியாளர் வழக்கம்போல் கணவரிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கோப்பை மூடித் தம் மடியில் வைத்துக்கொண்டு, "நான் பார்க்காத வேலைக்கு என் கையெழுத்து கிடையாது; எந்தக் கம்பத்தில் விளக்கு எரிகிறது என்று எனக்கே காட்டுங்கள்" என்றார். இரவு எட்டு மணிக்கு அவர் முன்னால் நடக்க, பொறியாளர் பின்னால் நடந்தார். கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவருக்கு அடுத்து என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பேச வேண்டும். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. நடந்தாலும் ஒதுக்கீடு சுழற்சியில் வருவதால், அதே வார்டு மறுமுறை பெண்களுக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பொது வார்டாகிவிட்டால் கட்சிகள் பெண்ணுக்குச் சீட்டுக் கொடுப்பது அரிது. கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆன ஒருவருக்கு, கற்றதைக் காட்ட இரண்டே ஆண்டுகள்! நாடாளுமன்றத்தைப் பாருங்கள்: 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு தரும் சட்டத் திருத்தம் 2023இலேயே நிறைவேறியும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

பொம்மனஹள்ளி டைலர்:
செல்வி அக்கா, காலம் கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்கிறீர்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 2016 ஏப்ரலில் ஓசூர் சாலையை மறித்த ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்களில் நானும் ஒருத்தி. பி.எஃப். பணத்தில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று விதியை மாற்றியிருந்தார்கள். நாற்பது வயதில் கண்ணும் முதுகும் போய் வேலையை விடுகிறவளுக்கு 58 என்பது எந்தக் காலம்? எந்தத் தலைவரும் அழைக்காமல், கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே தையல் லைனிலிருந்து எழுந்து போனோம். இரண்டாம் நாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

என்னை உறுத்துவது அதற்குப் பிந்தைய வாரம். எங்கள் தொழிற்சாலையில், தொழிலாளர் குறைகளைக் கேட்கிறோம் என்று கூப்பிட்டார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்களாக இருக்கும் இடத்தில், முன்வரிசை நாற்காலிகளில் சூப்பர்வைசர்களும் கட்டிங் பிரிவு ஆண்களும் இருந்தார்கள். மேலாளர் எங்கள் பக்கம் திரும்பி, "உங்களில் யார் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். நெடுஞ்சாலையில் லாரியின் முன்னால் உட்கார்ந்த நான் கையைத் தூக்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் நிமிடங்களைக்கூட எண்ணுகிறார்களே, அதைக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். என் லைன் சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒயிட்ஃபீல்டு மனிதவளம்:
நான் ஆண். என் அனுபவம் சிறியது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, ஒரு பெண் வந்து தம் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லி, புகாரை எங்கே தருவது என்று கேட்டார். "முதலில் அவரிடமே பேசிப் பாருங்கள்" என்றேன். இரண்டு வாரத்தில் அவருடைய ராஜினாமாக் கடிதம் என் மேசைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தார்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் மூத்த பணியில் உள்ள பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். ஒருவர் வெளியிலிருந்து வருபவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரை எழுத்தில் தர வேண்டும். எழுத இயலாதவருக்கு எழுதித்தர வேண்டியது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அது நடக்கும்போது இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களிலும், வீட்டு வேலையிலும் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழு உறுப்பினர்களின் பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே பொம்மனஹள்ளி சகோதரி போன்றவர்கள் முதலில் அந்தப் பட்டியலைப் படித்து, பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பொம்மனஹள்ளி டைலர்:
ஐயா, நீங்கள் நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிற்சாலையிலும் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, எங்களுக்குத் தெரிந்தது தமிழும் கன்னடமும் தெலுங்கும். ஒட்டிய இடம் முன்வாசல் வரவேற்பறை. நாங்கள் உள்ளே போவது பின்வாசல் வழியாக.