நம்ம குடும்பம் குழு: வாட்ச்மென் ஆறாவது எபிசோட்

மீனா: கார்த்திக், அந்த அமெரிக்க சூப்பர்ஹீரோ டிவி தொடர் வாட்ச்மென், அதோட ஆறாவது எபிசோட் பாத்தியா? நான் இப்பதான் ரெண்டாவது தடவை முடிச்சேன். தூக்கமே வரல.

கார்த்திக்: பாத்தேன்க்கா. மேக்கிங் வேற லெவல். ஆனா மூல காமிக்ஸ் படிச்சவனா எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு. ஹூடட் ஜஸ்டிஸ்ங்கற முகமூடி வீரன் யாருன்னு அதை எழுதின ஆலன் மூர் கடைசிவரை உறுதியாச் சொல்லவே இல்ல. ஒரு சர்க்கஸ் பயில்வானா இருக்கலாம்னு சந்தேகம் மட்டும் கிளப்பிட்டு விட்டுட்டார். அந்த மர்மத்தை இந்தத் தொடர் எதுக்கு உடைக்கணும்?

மீனா: அந்த ஆளோட உடுப்பை யோசிச்சுப் பாருடா. தலையை மூடுன முகமூடி, கழுத்துல தூக்குக்கயிறு. 1986ல காமிக்ஸுக்கு டேவ் கிப்பன்ஸ் வரைஞ்சது. அமெரிக்காவுல தூக்குக்கயிறுன்னா யாரைத் தொங்கவிட்டாங்க? கறுப்பு மக்களை. அந்தக் கயிறு அத்தனை வருஷமா படத்துல கண்ணு முன்னாடியே இருந்துச்சு. இவன் ஏன் அதைக் கழட்டாம மாட்டிக்கிட்டுத் திரியறான்னு இந்தத் தொடர் எடுத்தவங்கதான் கேட்டாங்க. கேட்டதுக்குப் பதிலும் சொன்னாங்க.

ராஜி அத்தை: சூப்பர்ஹீரோன்னா பறக்கறவன் தானே மீனா? இதுல கயிறு எங்க வந்துச்சு?

மீனா: இதுல அவன் பறக்க மாட்டான் அத்தை. பேரு வில் ரீவ்ஸ். 1938ல நியூயார்க் போலீஸ்ல சேர்ற கறுப்பு இளைஞன். யூதர் கடைக்குத் தீ வச்சவனைப் பிடிச்சு ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறான், போலீஸ்காரனுங்க அவனை வெளிய விட்டுடறாங்க. ஏன்னு கேட்டதுக்கு, கூட வேலை பாக்கற போலீஸ்காரனுங்களே இவன் தலையில பையை மாட்டி மரத்துல தூக்கிடறானுங்க. உயிர் போறதுக்கு முன்னாடி கயிறை அறுத்து, அடுத்த தடவை அறுக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் போறானுங்க.

ராஜி அத்தை: ஐயோ சாமி.

மீனா: கழுத்துல கயிறு தொங்கத் தொங்க வீட்டுக்கு நடந்து வர்றான். வழியில ஒரு தம்பதியை யாரோ அடிக்கிற சத்தம் கேக்குது. தலையில இருந்த பையைக் கிழிச்சுக் கண்ணுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கிட்டு உள்ள குதிக்கிறான். அமெரிக்காவோட முதல் முகமூடி வீரன் ஹூடட் ஜஸ்டிஸ் அங்கதான் பொறக்கறான்.

சுதா: அக்கா!! நான் இன்னும் மூணாவது எபிசோட்ல இருக்கேன். கதையைச் சொல்லாதீங்க ப்ளீஸ்.

மீனா: சரி சரி, கண்ணை மூடிக்கோ. இனிமே எடுத்த விதத்தை மட்டும் பேசறோம்.

கார்த்திக்: அதை நான் ஒத்துக்கறேன். கதாநாயகி ஏஞ்சலா, வில்லோட பேத்தி, தாத்தாவோட ஞாபக மாத்திரையை முழுங்கிட்டு அவர் வாழ்க்கைக்குள்ளயே போறா. இளைஞன் வில்லா நடிச்ச ஜோவன் அடெபோ நடந்துக்கிட்டு இருப்பார், கேமரா ஒரு சுத்து சுத்தி வரும், அதே இடத்துல ஏஞ்சலாவா நடிச்ச ரெஜினா கிங் நிப்பாங்க. நான் ரெண்டு மூணு இடத்துல ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன்.

மீனா: நீள நீளமான ஷாட். ஒரு ஞாபகத்துல இருந்து இன்னொண்ணுக்குக் கதவு வழியா நடந்தே போற மாதிரி. டைரக்டர் ஸ்டீபன் வில்லியம்ஸ், கேமரா கிரெகரி மிடில்டன். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ஆனா சில ஆள் மட்டும் கலர்ல வருவாங்க. வில்லோட அம்மா பியானோ வாசிக்கிறது நியூயார்க் தெரு நடுவுல திடீர்னு தெரியும். ஞாபகம் அப்படித்தானே வரும்? வரிசையாவா வருது?

மீனா: இன்னொண்ணும் கவனிச்சியா? எபிசோட் ஆரம்பத்துல கதைக்குள்ள ஓடற ஒரு டிவி சீரியல் வரும். அதுல ஹூடட் ஜஸ்டிஸ் ஒரு வெள்ளைக்காரன், முழுக் கலர்ல. அது பொய். அதுக்கப்புறம் கறுப்பு வெள்ளையில வர்றதுதான் உண்மை. பளபளன்னு ஊருக்குக் காட்டறது ஒண்ணு, ஒரு குடும்பம் மனசுல வச்சிருக்கறது ஒண்ணு. எனக்கு இந்த எபிசோட்ல ரொம்பப் பிடிச்சதே இந்த வைப்புதான்.

பாலு சித்தப்பா: இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன் மீனும்மா. 1921 டல்சா கலவரத்தைக் காட்டின தொடர்தானே இது?

மீனா: ஆமா சித்தப்பா. முதல் எபிசோடே அங்கதான் ஆரம்பிக்குது. வில் அதுல தப்பிச்ச குழந்தை.

பாலு சித்தப்பா: கலவரம்னு சொல்லிச் சொல்லியே மூடி வச்சாங்க அம்மா. அது படுகொலை. ஓக்லஹோமா மாநிலம், டல்சா ஊர், கிரீன்வுட் பகுதி. கறுப்பின வியாபாரிகள் செழிப்பா இருந்த இடம். லிஃப்ட்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைத் தொட்டான்னு ஒரு பையன் மேல பழி. மே 31ல ஆரம்பிச்சு ஜூன் 1க்குள்ள 35 தெருக்கட்டம் சாம்பல். செத்தவங்க 300 வரைக்கும் இருக்கலாம்னு வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடறாங்க. விமானத்துல இருந்து தீ போட்டாங்கன்னு தப்பிச்சவங்க சாட்சி சொல்லியிருக்காங்க. அரசாங்கம் கமிஷன் போட்டு அறிக்கை வர 2001 ஆச்சு. இத்தனை வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்த என் கையில இருந்த எந்தப் பாடப்புத்தகத்துலயும் இது கிடையாது.

கார்த்திக்: சித்தப்பா, அந்த ஊர்லயே பல பேருக்குத் தெரியாதாம். 2019ல முதல் எபிசோட் வந்த அன்னைக்கு இது நிஜமா நடந்துச்சான்னு ஜனங்க கூகுள்ல தேடினாங்க.

மீனா: தொடரை உருவாக்கின டேமன் லிண்டலாஃபுக்கே அமெரிக்க எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் எழுதின கட்டுரையைப் படிச்சப்புறம்தான் டல்சா பத்தித் தெரியுமாம். 2014ல வந்த கட்டுரை. அப்புறம் சித்தப்பா, வில்லுக்கு பேட்ஜ் குத்திவிடற லெப்டினன்ட் பேட்டில் நிஜ மனுஷர்.

பாலு சித்தப்பா: சாமுவேல் பேட்டிலா? 1911ல நியூயார்க் போலீஸ்ல சேர்ந்தாரே, அவரையா காட்டியிருக்காங்க? அப்ப நான் கட்டாயம் பாக்கணும்.

கார்த்திக்: சூப்பர்மேனும் வர்றார் சித்தப்பா. அதே 1938ல ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் வந்துச்சு. பேப்பர் கடைக்காரர் கதை சொல்வார், அழியப்போற உலகத்துல இருந்து அப்பா அம்மா குழந்தையை மட்டும் அனுப்பி வைக்கிறாங்கன்னு. வில் எதுவும் பேசாம கேட்டுக்கிட்டு நிப்பான். அவனையும் அப்படித்தானே எரியற டல்சாவுல இருந்து அனுப்பினாங்க. அந்த சீன்ல எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. ஆனாலும் மர்மம் மர்மமாவே இருந்திருக்கலாம்னுதான் இன்னமும் தோணுதுக்கா.

சுதா: கதை இல்லாம ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தொடர் போலீஸை ஹீரோவாக் காட்டுதே, பிடிச்சு வச்சவங்களை ஏஞ்சலா அடிச்சுக் கேக்கறா, அது சரியான்னு விமர்சனம் வந்துச்சு இல்ல? எனக்கும் மூணு எபிசோடா அது உறுத்திக்கிட்டே இருக்கு.

மீனா: உறுத்தணும் சுதா. ஆறாவது வரைக்கும் பொறுத்துக்கோ. ஒரு நல்லவன் உடுப்பு மாட்டிட்டா துறை மாறிடும்னு இது நம்ப வைக்கல. வில் முகமூடி வீரர்கள் கூட்டத்துல சேர்ந்தப்புறமும் முகமூடியைக் கழட்டாதேன்னு அவங்க சொல்லிடறாங்க. கண்ணைச் சுத்தி வெள்ளைச் சாயம் பூசிக்கிட்டு வெள்ளைக்காரன்னு நம்ப வைக்கணும். உதவின்னு கூப்பிட்டா அது ஹார்லெம் பிரச்சனை, அதாவது நியூயார்க்ல கறுப்பு மக்கள் வாழற பகுதியோட பிரச்சனை, எங்களுது இல்லங்கறாங்க. அவன் கோபத்துக்கு அவன் பெண்டாட்டி பிள்ளையும் விலை கொடுக்கறாங்க. அதை மறைக்காம காட்டினதாலதான் நான் இந்த எபிசோடை நம்பறேன்.

சுதா: கதை சொல்லிட்டீங்க 😭

பாலு சித்தப்பா: பரிசு ஏதாவது கிடைச்சுதா?

கார்த்திக்: அமெரிக்க டிவிக்கான பெரிய விருது எம்மி, 2020ல அதுல 26 பரிந்துரை, 11 விருது சித்தப்பா. இந்த எபிசோடுக்கு எழுத்து, ஒளிப்பதிவு, ஒலிக்கலவை மூணும் கிடைச்சுது. இயக்கத்துக்குப் பரிந்துரையோட நின்னுடுச்சு, அதுதான் எனக்கு வருத்தம். லிண்டலாஃபோட சேர்ந்து எழுதினது கார்ட் ஜெஃபர்சன். மேடையில டல்சாவை மறக்கக்கூடாதுன்னு பேசிட்டு, தன் மனநல ஆலோசகருக்கும் நன்றி சொன்னார்.

ராஜி அத்தை: அதைச் சபையில சொன்னாரே, நல்ல பிள்ளை.

மீனா: நாலு வருஷம் கழிச்சு ஆஸ்கரும் வாங்கினார் அத்தை. வயசான வில்லா வந்த லூயிஸ் கோசெட் ஜூனியர் 2024ல தவறிட்டார். 80 வயசு தாண்டின மனுஷர், சக்கர நாற்காலியில உக்காந்தே மொத்தக் கதையையும் தாங்கினார்.

பாலு சித்தப்பா: நேரா ஆறாவதைப் போட்டா புரியுமா?

மீனா: வேண்டாம் சித்தப்பா, முதல்ல இருந்து வாங்க. சனிக்கிழமை நம்ம வீட்டு டிவியில போடறேன். அத்தை, பசங்களை மட்டும் வேற ரூம்ல வைங்க, வன்முறை ஜாஸ்தி.

ராஜி அத்தை: பசங்களை நான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். எட்டு மணிக்குள்ள திரும்பிடுவேன், அந்தத் தாத்தா வர்றதை எனக்காக நிறுத்தி வை.

சுதா: நானும் வர்றேன். அதுவரைக்கும் யாரும் இந்தக் குழுவுல வாயைத் திறக்கக்கூடாது.