புதுப்பிப்பு: 1971 போர் வீரரின் வாய்மொழி வரலாற்றுப் பதிவு முடிந்தது

ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரைப் பேட்டி காணும்போது, "போனோம், சண்டை போட்டோம், வந்தோம்" என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை என்றும், மின்விசிறி இரைச்சல் பதிவைக் கெடுக்கிறது என்றும் முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, வரைபடத்தை விரித்து வைக்கச் சொன்ன யோசனைதான். போரின் மேற்கு முனையில், பாகிஸ்தானிலுள்ள ஷகர்கர் பகுதியின் வரைபடத்தில் பசந்தர் ஆற்றைக் கண்டதும் ஐயாவின் விரல் அதன் கரையோடு நகரத் தொடங்கியது; கண்ணிவெடிகளுக்கிடையே பொறியாளர் படை பாதை திறக்கும்வரை காத்திருந்தது, யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதெல்லாம் நான் கேட்காமலே வந்தன. பதக்கங்களைக் காட்டச் சொன்ன யோசனை பேச்சைத் திறக்கவில்லை. ஆயினும், கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார் என்று பதக்கங்கள் தனித்தனியே வழங்கப்பட்டதால், அவர் பணியாற்றிய முனையை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு (படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் பணிப் பதிவேடு) ஒப்பிட்டு உறுதிசெய்ய அது உதவியது.

இரைச்சலுக்குக் காலர் மைக் போதுமானதாக இருந்தது.

எதிர்பாராதது அவருடைய செவித்திறன் குறைவு. உரக்கக் கேட்டால் என் குரல் பதிவில் உடைந்தது. எனவே கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதிக் காட்டினேன், அதனால் தொகுப்பதும் எளிதாயிற்று. இறந்த தோழர்களைப் பற்றிய பகுதியை அவர்களின் குடும்பத்தார் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால், அதைத் தனிக் கோப்பாக்கி, ஒப்புதல் படிவத்திலும் குறித்துள்ளேன்.