குடும்பக் குழு ‘காவிரிக்கரைக் கூட்டம்’: அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனைக்கு யார் யார்?

மாலா சித்தி: எல்லோரும் பதில் போடுங்கள். நித்யாவுக்குப் போட்டி வெள்ளி காலை. ஹோட்டல் இன்றே புக் செய்ய வேண்டும்.

அகிலா அத்தை: குழந்தைக்கு ஆசீர்வாதம். ஐஸ் வாட்டர் கொடுக்காதே.

பிரபு: நான் வருகிறேன் சித்தி. சனி மதியம் மட்டும் ராக் இசைக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் போய்வருவேன். ஏரிக்கரையில் அந்தக் கண்ணாடிப் பிரமிடு.

நித்யா: நானும்!!

மாலா சித்தி: நீ போய் சாதகம் செய். பிரபு, அங்கே என்ன வேலை?

பிரபு: வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்ள. சூசியை இன்னும் உள்ளே சேர்க்கவில்லை.

பெரியப்பா: யார் சூசி?

அகிலா அத்தை: பெண் பார்த்துவிட்டானா? நல்ல பெண்ணாக இருந்தால் சரி.

பிரபு: அத்தை, அது ராக் இசைக்குழு! சூசி அண்ட் தி பான்ஷீஸ், லண்டன். 1976 செப்டம்பரில் ‘100 கிளப்’ என்ற அரங்கில் முதல் மேடை. சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை. கிறிஸ்தவ ஜபம் ஒன்றை எடுத்துக்கொண்டு 20 நிமிடம் மனம்போனபடி வாசித்தார்கள். 1978இல் முதல் சிங்கிள், பிரிட்டனில் 7ஆம் இடம். அதே வருடம் முதல் ஆல்பம். அதில் டிரம்மரின் கை சிம்பல் பக்கம் அதிகம் போகாது, மிருதங்கத்தில் தொப்பியை, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கத்தை, மட்டும் வாசிப்பது போல டாம் என்ற ஆழ்ந்த ஒலி டிரம்களிலேயே உருளும். கோத்திக் ராக் (சுருக்கமாக கோத்) என்ற இசை வகையின் இருட்டெல்லாம் அங்கேதான் ஆரம்பம். முதல் ரெக்கார்ட் வந்து 25 வருடம் ஆனால் ஹாலுக்குத் தகுதி. இவர்கள் 20 வருடத்துக்கு மேல் வாசலில் நிற்கிறார்கள்.

பெரியப்பா: 20 நிமிடம் ஒரே வரியா? அது நிரவல்.

ரவி மாமா: மிருதங்கத்தை விற்று கிடார் வாங்கியவன் தொப்பியைப் பற்றிப் பேசுகிறான்.

பிரபு: பேஸ் கிடார், மாமா. அந்த மிருதங்கத்தைத் தோல் கிழியப் பரணில் போட்டு வைத்தது யார்?

மாலா சித்தி: பழையதைக் கிளறாதீர்கள். ஹோட்டல்!

நித்யா: அதான் தி க்யூர் பேண்ட் 2019லேயே உள்ளே போயாச்சே அண்ணா. கோத்துக்கு அது போதாதா?

பிரபு: எரிச்சலே அதுதான். க்யூரின் ராபர்ட் ஸ்மித் 1979 டூரில் பான்ஷீஸுக்குக் கிடார் வாசித்தவர். அப்புறம் 1982 முதல் 84 வரைக்கும். துணைக்கு வந்தவர் உள்ளே, மேடைக்காரர்கள் வெளியே. க்யூருக்கே 2012இல் முதல் பரிந்துரை வந்து ஏழு வருடம் இழுத்தார்கள். இவர்களுக்கு அந்தப் பரிந்துரைகூட இல்லை.

ரவி மாமா: ஸ்மித் என்றால், டிக்கெட் கம்பெனியோடு சண்டை போட்டு ஜனங்களுக்குப் பத்து டாலர் திருப்பி வாங்கிக் கொடுத்தவரா?

பிரபு: அவரேதான். 2023.

ரவி மாமா: அவருக்கு எதைக் கொடுத்தாலும் தகும்.

மாலா சித்தி: போன தடவை ஹோட்டல் பணத்தை எனக்கும் யாராவது அப்படித் திருப்பித் தந்தால் தேவலை.

ரவி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: க்யூருக்கு டிஸின்டெக்ரேஷன் ஒரு ஆல்பம் போதும். பான்ஷீஸை அமெரிக்காவில் யார் கேட்டார்கள்?

பிரபு: 1988இல் பில்போர்ட் மாடர்ன் ராக் பட்டியல் ஆரம்பித்த முதல் வாரமே முதலிடம் அவர்களுடைய பீக்-அ-பூ!

நித்யா: ஒரு பாட்டு.

பெரியப்பா: நம் கர்நாடக சங்கீதத்தில் மதுரை சோமுவுக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தார்களா? எம்.டி.ராமநாதனுக்கு? லால்குடிக்கு? பாட்டு நிற்கவில்லையா?

பிரபு: நிற்கிறது பெரியப்பா. ஆனால் கொடுக்காதவர்களை ஒவ்வொரு டிசம்பரிலும் திட்டுகிறீர்களே.

பெரியப்பா: திட்டத்தான் வேண்டும். நீயும் போய்த் திட்டிவிட்டு வா.

நித்யா: அம்மா, பெரியப்பா பர்மிஷன் கொடுத்துவிட்டார்

மாலா சித்தி: அவனுக்குத்தான் கொடுத்தார். போட்டி முடியட்டும், பார்க்கலாம்.

அகிலா அத்தை: அந்த சூசிக்கு எந்த ஊர்?

மாலா சித்தி: அக்கா, விடுங்கள். இரண்டு ரூமா, மூன்றா? ரவி அண்ணா கார் எடுத்து வருகிறாரா இல்லையா?

ரவி மாமா: நான் இன்னும் லீவே கேட்கவில்லை.