2022 முதல் என்.டி.வி.ஐ எல்லா வீடுகளுக்கும் சரிகிறது. எங்கே பிழை?

கேள்வி:
உடல்நல ஆய்வு ஒன்றுக்காக, பங்கேற்பாளர்களின் வீட்டைச் சுற்றி 300 மீ, 500 மீ வட்டத்துக்குள் சராசரி என்.டி.வி.ஐ (செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் பசுமை அளவு) எடுக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோளின் லெவல்-2ஏ (வளிமண்டலத் திருத்தம் செய்த) படங்கள், பட்டைகள் 4 (சிவப்பு), 8 (அண்மை அகச்சிவப்பு). 2022 தொடக்கத்திலிருந்து மதிப்பு ஒரேயடியாக இறங்குகிறது. ஏரிக்கரை வீடுகளோ, மரங்கள் சூழ்ந்திருந்தும், கடைத்தெரு அளவுக்குக் கீழே போகின்றன.

பதில் 1:
மரங்கள் அப்படியேதான் இருக்கின்றன. 2022 ஜனவரி 25 முதல், பேஸ்லைன் (படச் செயலாக்கத்தின் பதிப்பு) 04.00-இல், பிக்சல் எண்களோடு 1000 கூட்டித் தருகிறார்கள். என்.டி.வி.ஐ என்பது (அண்மை அகச்சிவப்பு − சிவப்பு) / (அண்மை அகச்சிவப்பு + சிவப்பு). சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 3000 என்றால் 2500/3500 = 0.71. இரண்டிலும் 1000 ஏறினால் 2500/5500 = 0.45. அந்த 1000 கழித்தலில் அடிபட்டுப் போகும், கூட்டலில் போகாது. கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில், இந்த 1000-ஐ ஏற்கெனவே நீக்கிய 'ஹார்மனைஸ்டு' தொகுப்புக்கு மாறுங்கள். கோப்புகளாக இறக்கினால் நீங்களே 1000 கழிக்க வேண்டும். ஆனால் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுசெயலாக்கம் செய்த பழைய படங்களிலும் அந்த 1000 உண்டு. மெட்டாடேட்டாவில் பேஸ்லைன் எண்ணைப் படித்துக் கழியுங்கள்.

பதில் 2:
ஏரிச் சிக்கல் எளிது: நீரின் என்.டி.வி.ஐ பெரும்பாலும் எதிர்மறை, அது சராசரியை இழுக்கிறது. நீர்ப் பிக்சல்களை மறைத்துவிட்டுச் சராசரி எடுங்கள். வட்டத்தில் நீரின் பங்கைத் தனி மாறியாக வையுங்கள், நீர்நிலைக்கும் உடல்நலத்துக்கும் தனித் தொடர்பு இருக்கலாம்.

மேக மறைப்பையும் பாருங்கள். எஸ்.சி.எல் அடுக்கு (ஒவ்வொரு பிக்சலும் மேகமா, நிழலா, நீரா என்று எண்ணால் குறிப்பது) 20 மீ. அதை 10 மீட்டருக்கு மாற்றும்போது 'நியரஸ்ட்' முறை (அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுப்பது) மட்டுமே. பைலீனியர் போட்டால் வகை எண்களையே சராசரி எடுத்துவிடும்: 3 மேக நிழல், 9 மேகம், நடுவில் வரும் 6 நீர்! பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களின் படங்களுக்கு மீடியன் (நடுமதிப்பு) எடுங்கள். வட்டத்தை யு.டி.எம்-இல் (மீட்டரில் அளக்கும் வரைபட முறை) வரையுங்கள், டிகிரியில் வேண்டாம்.

பதில் 3:
இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை: வீட்டு ஆயங்களை (இருப்பிடப் புள்ளிகளை) மேகக்கணிக்கு, அதாவது எர்த் எஞ்சின் போன்ற இணையத் தளங்களுக்கு, ஏற்றாதீர்கள், அவை அடையாளத் தகவல். என்.டி.வி.ஐ ராஸ்டரை (பிக்சல் கட்டங்களான படத்தை) மட்டும் இறக்கி, வட்டக் கணக்கைச் சொந்தக் கணினியில் செய்யுங்கள்.

என்.டி.வி.ஐ-க்குப் புல்லும் மரமும் ஒன்றுதான். பூட்டிய வளாகத்தின் பசுமையும் சேரும். நடமாட்டம் உங்கள் கருதுகோளில் இருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து பூங்காக்களை எடுத்து, சாலைவழித் தூரத்தைப் பூங்கா வாயில் வரை அளவிடுங்கள். பூங்காவின் மையப்புள்ளி வரை அளந்தால், பெரிய பூங்காவை ஒட்டியிருக்கும் வீடுகூடத் தொலைவில் இருப்பதாக வரும். வாயில் குறிக்கப்படாத பூங்காக்களுக்கு, எல்லையைச் சாலையோ நடைபாதையோ வெட்டும் புள்ளிகளை வாயிலாக எடுத்துக்கொள்ளலாம்.