காரணியைக் காட்டாமல் பகு எண் என்று சொன்னால் போதுமா? (பேசுகிற மூவரின் புனைபெயர்கள்: கரும்பலகை, மீதி ஒன்று, வேடிக்கை பார்ப்பவன்.)

கரும்பலகை: 147573952589676412927. இரண்டை 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் என்று பட்டியலில் சேர்த்தார். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ், இல்லை, பகு எண்தான் என்றார். எதால் வகுபடும்? அவரிடம் பதில் இல்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதர் ஃபிராங்க் நெல்சன் கோல்தான் காரணிகளைக் கொண்டுவந்தார். பெருமை முழுக்க கோலுக்குத்தான். அதுவரை இருந்தது வெறும் பேச்சு.

மீதி ஒன்று: வெறும் பேச்சா? சின்னதாக 91-ஐ எடுங்கள். அது பகா எண்ணாக இருந்தால், 2-இன் 90-ஆம் அடுக்கை 91-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். ஃபெர்மா தேற்றம். வருவதோ 64. 7, 13 என்ற பேச்சையே எடுக்கவில்லை, 91 மாட்டிக்கொண்டது. லூகாஸின் வழி வேறு, ஆனால் இதே ஜாதி.

கரும்பலகை: 91 சரி, நானே போட்டுப் பார்ப்பேன். 21 இலக்கத்தில் மனுஷர் ஓர் இடத்தில் தவறியிருந்தால்? கோல் கொடுத்தது 193707721 × 761838257287. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பெருக்கிப் பார்க்கலாம். அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம்.

வேடிக்கை பார்ப்பவன்: குறுக்கே வருகிறேன். இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படி வரிசையாகப் போனால் சின்னக் காரணி 14,45,580-ஆவது. கணினிக்கு இது வேலையே இல்லை. பாவம் கோல், மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு என்றாராம்.

மீதி ஒன்று: பகா எண்ணாகவே இருந்திருந்தால் அத்தனை ஞாயிறும் வீண்தானே? தேடினால் கிடைக்கும் என்ற தைரியம் லூகாஸ் கொடுத்தது. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். 24-ஆம் ஃபெர்மா எண்ணுக்கு (இரண்டை 1,67,77,216 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது) 50 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். பகு எண் என்று 1999-இல் நிரூபித்தாகிவிட்டது, ஒரு காரணிகூடக் கையில் இல்லை. அதுவும் வெறும் பேச்சா?

கரும்பலகை: அதைத் தனித்தனிக் கணினிகளில் ஓட்டி, மீதிகளை ஒத்துப்பார்த்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், நிரூபணம்தான், 'வெறும் பேச்சு' என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஒருவர் கையால் போட்ட கணக்கை மட்டும் அதே தராசில் வைக்க மனம் வரவில்லை.

வேடிக்கை பார்ப்பவன்: மெர்சென் எழுதியது 61, அச்சில் 67 ஆகிவிட்டது என்று ஒரு பேச்சு உண்டே? இரண்டை 67-க்குப் பதில் 61 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் உண்மையிலேயே பகா எண்.

மீதி ஒன்று: அச்சுக்கோத்தவர் தலையில் கட்ட வேண்டாம். பகா எண் தருகிற 89, 107 இரண்டும் பட்டியலில் விட்டுப்போயின. பட்டியலில் இருந்த 257-உம் தப்பு, அது தருவது பகு எண்.