முன்னால் நிற்கும் ஐந்து பேரால் ஒரு குவார்ட்டர்பேக்கின் சீசன் மாறியதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஓஹையோவாசி

அமெரிக்கக் கால்பந்தில் எல்லோர் கண்ணும் பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் மேல்தான் இருக்கும். எதிரணி அவரை நெருங்காமல் தடுக்க முன்னால் குனிந்து நிற்கிற ஐந்து பேர் (லைன் என்பது இவர்கள்தான்: இரண்டு டேக்கிள், இரண்டு கார்டு, நடுவில் சென்டர்) டிவியில் தெரிவதே, ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்திய தப்பு) என்று நடுவர் ஒரு எண்ணைச் சொல்லும்போதுதான். ஆனால் அந்த வருஷம் குவார்ட்டர்பேக் எழுந்து நிற்பாரா விழுந்து கிடப்பாரா என்பது பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. நான் சின்சினாட்டியில் இருக்கிறேன், இந்த ஊர் டீமான பெங்கால்ஸின் ரசிகன். குவார்ட்டர்பேக் ஜோ பரோ இங்கே வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன்.

2020 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை டீம்கள் முறை வைத்து எடுக்கும் நிகழ்ச்சி) முதல் ஆளாக அவரை எடுத்தார்கள். லைனைப் பலப்படுத்தாமலேயே களத்தில் இறக்கினார்கள். பத்து ஆட்டத்தில் 32 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறிவதற்குள் பிடித்து வீழ்த்தப்பட்டார். நவம்பர் 22, வாஷிங்டனில் ஆட்டம். மூன்றாவது குவார்ட்டரில் இடது காலை முன்னால் ஊன்றிப் பந்தை எறிகிறார்; அதே நொடியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று இடித்தார்கள். முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. முதல் சீசன் அங்கேயே முடிந்தது.

அடுத்த டிராஃப்டில் ஐந்தாவது இடம். ஊரே இரண்டுபட்டது. டேக்கிள் பெனே சூவெலை எடுத்து இந்தப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு பக்கம். கல்லூரியில் பரோவோடு ஆடிய, எறியும் பந்தைப் பிடிக்கிற ரிசீவர் ஜமார் சேஸ்தான் வேண்டும் என்று இன்னொரு பக்கம். சேஸை எடுத்தார்கள். அவர் முதல் வருஷமே 1,455 யார்டு எடுத்தார். அவரை எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லைன் அப்படியே கிடந்தது. 2021 சீசனில் பரோ 51 முறை சாக் ஆனார், லீகிலேயே அதிகம். பிளேஆஃபில் டென்னசியில் மட்டும் ஒன்பது முறை. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று 19-16 ஜெயித்து வந்தார்கள்.

இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ராம்ஸுக்கு எதிராக ஏழு சாக். 23-20 என்று பின்தங்கி, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், நான்காவது டவுன் (பந்தைத் தக்கவைக்கக் கடைசி வாய்ப்பு), தேவை ஒரு யார்டு. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் சேஸ் தன்னைக் காவல் காத்தவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் ராம்ஸின் ஏரன் டொனால்ட், கார்டைத் தாண்டி வந்து பரோவின் ஜெர்சியைப் பிடித்துச் சுழற்றுகிறார். இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் என்று இந்த ஊரில் பேசாதவர் கிடையாது.

உங்கள் ஊர்க் கதையையும் எழுதுங்கள்.

ஹூஸ்டன்பக்கம்

எங்கள் டெக்சன்ஸ் கதைக்கு முன்னால் உங்கள் கதை பரவாயில்லை, அண்ணா.

2002-ல் இங்கே புதிதாக டீம் வந்தபோது ஊர் முழுக்கத் திருவிழா. முதல் ஆட்டத்திலேயே டல்லஸ் கவ்பாய்ஸை 19-10 என்று சாய்த்தோம். குவார்ட்டர்பேக் டேவிட் கார், டிராஃப்டில் முதல் இடம். அவருக்குக் காவலாக டோனி பொசெல்லி என்ற பெரிய டேக்கிளை முன்னதாகவே எடுத்து வைத்திருந்தார்கள். தோள்பட்டைக் காயத்தால் அவர் எங்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கார் அந்த வருஷம் 76 முறை சாக் ஆனார். ஒரு சீசனில் அதற்கு மேல் வாங்கியவர் லீக் வரலாற்றிலேயே இல்லை.

ஸ்டேடியத்தில் அவரைக் கவனித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சீசன் போகப் போக, யாரும் நெருங்காத நேரத்திலும் அவர் கால்கள் அமைதியாக நிற்காது. பந்து கைக்கு வந்ததும் கண் ரிசீவர்களைத் தேடாமல் எதிரே வருபவர்கள் மேல் இறங்கிவிடும். 2005-ல் மறுபடியும் 68 சாக். திறமை இல்லாதவர் என்று ஊரே சொன்னது. அந்த முடிவை நான் இன்றுவரை ஏற்கவில்லை. திறமையைக் காட்டுவதற்கு அவருக்கு நேரமே கொடுக்கப்படவில்லை.

பிறகு எங்கள் குவார்ட்டர்பேக் ஆன சி.ஜே. ஸ்ட்ரவுட் விஷயத்திலும் அதே பயம் வந்தது. 2023-ல் 23 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்ப்பது), ஐந்தே ஐந்து இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பறிப்பது) என்று அசத்தியவர், அடுத்த வருஷம் 52 சாக் வாங்கி, இன்டர்செப்ஷன் 12 ஆக ஏறியது. ஆள் அதே ஆள்தான்.

மானிங்பிரியன்

மன்னிக்கணும், எல்லாப் பழியையும் லைன் மேல் போடுவது சரியில்லை. 2009-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங் சீசன் முழுக்கச் சாக் ஆனது பத்தே பத்து முறை. அந்த லைனில் சென்டர் ஜெஃப் சாட்டர்டேயை விட்டால் பெரிய பெயர் என்று யாரைச் சொல்வீர்கள்? பந்து வருவதற்கு முன்பே மானிங் எதிரணி நிற்கும் நிலையைப் படித்து, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று மாற்றிச் சொல்லி, பந்து வந்ததும் தாமதிக்காமல் கையிலிருந்து விட்டுவிடுவார். இரண்டரை நொடியில் போக வேண்டிய பந்தை நாலு நொடி பிடித்துக்கொண்டு நின்றால் எந்த லைனும் தாங்காது. பரோவும் நல்ல வாய்ப்பு கிடைக்கும் என்று பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்தான். சாக்கில் பாதி குவார்ட்டர்பேக்கின் கணக்கு.

டெக்சஸ்அம்மா

எனக்கு நீங்கள் பேசுகிற என்எஃப்எல் லீக் அவ்வளவாகத் தெரியாது. என் பையன் இங்கே ஹைஸ்கூல் டீமில் லெஃப்ட் கார்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டங்களுக்குப் போய்ப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். எனவே கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெளியூர் மைதானத்தில் கூச்சல் காதைப் பிளக்கும். குவார்ட்டர்பேக் கத்துவது லைனுக்குக் கேட்காது. அப்போது கார்டு தலையைத் திருப்பிக் கால்களுக்கு நடுவே பின்னால் பார்ப்பான். குவார்ட்டர்பேக் தயார் என்று சைகை காட்டியதும் சென்டரின் தொடையில் ஒரு தட்டு. சென்டர் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பந்தை அனுப்புவான். ஒருவன் அரை நொடி பிந்தினாலும் அந்தப் பக்கம் கதவு திறந்தது மாதிரிதான்.

எதிரணியில் இரண்டு பேர் குறுக்கே ஓடி இடம் மாறுவார்கள், ஸ்டன்ட் என்பார்கள். அப்போது கார்டு தன் ஆளை விட்டு அடுத்தவன் ஆளைப் பிடிக்க வேண்டும், டேக்கிள் இவன் ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மற்றவன் நேராக உள்ளே போவான். கோச் வீடியோ போட்டுக் காட்டும்போது முதலில் பார்ப்பது கையை அல்ல, பின்வைக்கும் முதல் அடியைத்தான் என்று என் பையன் சொல்வான். அந்த அடி அகலமாக விழுந்தால் எதிராளி உள்பக்கமாக வந்துவிடுவானாம்.

போன சீசனில் சென்டர் பையனுக்குக் கணுக்கால் பிசகி வேறொருவன் வந்தான். பலசாலிதான், ஆனால் மற்ற நாலு பேரோடு பழக்கமில்லை. சில வாரத்திலேயே எங்கள் குவார்ட்டர்பேக்கிடமும் ஹூஸ்டன் தம்பி சொன்ன அந்தப் பார்வை வந்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளை, ஆட்டம் முடிந்து வரும்போது விலாவைப் பிடித்துக்கொண்டே நடப்பான். அவன் அம்மா முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியாது. என் பிள்ளை நிற்கிற வரிசை ஆயிற்றே.

கேசிசிவப்பு

மானிங்பிரியன் சார், சாக் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால் உண்மை பிடிபடாது. 2021 பிப்ரவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பவுலில் எங்கள் கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் சாக் ஆனது மூன்றே முறை. கேட்கச் சின்ன எண். ஆனால் எதிரணி அவரை நெருங்கிய தடவைகள் 29! எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் என்று இரண்டு பக்க டேக்கிளும் காயத்தால் வெளியே. கார்டு துவெர்னே-டார்டிஃப் டாக்டருக்குப் படித்தவர், கோவிட் நேரத்தில் கியூபெக்கில் முதியோர் இல்லத்தில் சேவை செய்யப் போயிருந்தார். மஹோம்ஸ் பந்தை எறிவதற்கு முன்போ சாக் ஆவதற்கு முன்போ அங்குமிங்கும் ஓடிய தூரம் மட்டும் 497 யார்டு என்று கணக்கிட்டார்கள்.

நான்காவது குவார்ட்டரில் ஒரு தருணம். விரட்டிப் பிடித்துவிட்டார்கள், உடம்பு தரைக்குக் கிடையாகக் காற்றில் இருக்கிறது, அந்த நிலையிலிருந்து எண்ட் ஸோனுக்கு (டச்டவுன் விழும் பகுதி) எறிகிறார். பந்து நேராக ரன்னிங் பேக்கின் முகமூடியில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? 31-9. டச்டவுன் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் எங்கள் டீம் செய்ததை நான் எப்போதும் மெச்சுவேன். சப்பைக்கட்டு கட்டவில்லை. ஜோ தூனியை ஒப்பந்தம் செய்தார்கள், பால்டிமோரிடமிருந்து ஆர்லாண்டோ பிரவுனை வாங்கினார்கள், டிராஃப்டில் கிரீட் ஹம்ஃப்ரியையும் ஆறாவது சுற்றில் ட்ரே ஸ்மித்தையும் எடுத்தார்கள். இரண்டே வருஷம். 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் எதிரே நின்றது ஈகிள்ஸ், அந்த சீசனில் 70 சாக் எடுத்த டீம். மஹோம்ஸை ஒருமுறைகூடச் சாய்க்க முடியவில்லை. 38-35, கோப்பை எங்களுக்கு.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். 2024 சீசனில் லெஃப்ட் டேக்கிளுக்கு ஆள் நிற்காமல், கார்டு தூனியையே அங்கே நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் அதே ஈகிள்ஸ், கூடுதல் ஆளை ஒருமுறைகூட அனுப்பாமல் ஆறு சாக் எடுத்து 40-22 என்று புரட்டிப் போட்டார்கள். மூன்று ஆட்டத்திலும் பின்னால் நின்றது ஒரே மஹோம்ஸ்.

இண்டிக்காரர்

ஆண்ட்ரூ லக் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். நானே எழுதுகிறேன்.

2012-ல் எங்கள் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் குவார்ட்டர்பேக்காக வந்தார். வந்த வருஷமே 41 சாக். அடுத்தடுத்த வருஷங்களிலும் அடி குறையவில்லை. 2015-ல் சிறுநீரகம் கிழிந்தது. தோள்பட்டை அறுவை சிகிச்சையால் 2017 முழுக்க ஆடவில்லை. அதற்குப் பிறகுதான் நிர்வாகத்துக்குப் புத்தி வந்தது. 2018 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் கார்டு குவென்டன் நெல்சனை எடுத்தார்கள். கார்டுக்கு இவ்வளவு உயர்ந்த இடமா என்று கேட்டவர்கள் அந்த வருஷமே வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில் பிரேடன் ஸ்மித். லக் அந்த சீசனில் சாக் ஆனது வெறும் 18. டச்டவுன் 39. ஒரு வெற்றி, ஐந்து தோல்வி என்று தொடங்கிய டீம் 10-6 என்று முடித்தது. அந்த இலையுதிர்காலத்தில் அவர் சாவகாசமாக நின்று, தோளைத் திருப்பி, நீளமாக எறிவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

2019 ஆகஸ்ட் 24, சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். நான் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இருந்தேன். கடைசிக் குவார்ட்டரில் பக்கத்து வரிசையில் ஒருவர் ஃபோனைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். லக் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி. ஆட்டத்தில் யாருக்கும் கவனமில்லை, எல்லோரும் சைட்லைனில் நின்ற அவரையே பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்து அவர் உள்ளே போகும்போது ஒரு பகுதி ரசிகர்கள் ஊளையிட்டார்கள். வயது 29. காயம், வலி, சிகிச்சை என்ற சுழலில் சிக்கி ஆட்டத்தின் மேல் இருந்த சந்தோஷமே போய்விட்டது என்று அன்றிரவே கண்கலங்கச் சொன்னார். நல்ல லைன் ஒன்று கடைசியில் கிடைத்தும், முன்னால் வாங்கிய அடி அடிதான், அதைத் திருப்பி எடுக்க முடியாது. அன்று ஊளையிட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஓஹையோவாசி

இண்டிக்காரர் எழுதியதைப் படித்ததும் பரோவை நினைத்துத்தான் வயிறு கலங்குகிறது.

மானிங்பிரியன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2022-ல் புதிதாக மூன்று லைன்மேன்களைக் கொண்டுவந்தும் முதல் இரண்டு ஆட்டத்தில் 13 சாக். போகப் போகப் பரோ பந்தைச் சீக்கிரம் விடப் பழகினார், அந்த ஐவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள், வெற்றி வந்தது. டெக்சஸ்அம்மா சொன்ன பழக்கம் அதுதான். ஆனால் சீசன் முடிவில் மூன்று பேர் காயத்தில் விழுந்தார்கள். பஃபலோவில் பனியில் ரன்னிங் ஆட்டத்தை நம்பிச் சமாளித்தவர்கள், அடுத்த வாரம் கான்சஸ் சிட்டியில் ஐந்து சாக் வாங்கி 23-20 என்று தோற்றார்கள். பந்தைச் சீக்கிரம் விடு என்று குவார்ட்டர்பேக்கிடம் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் ரிசீவர் திரும்புவதற்குள் ஆள் வந்து நின்றால் எதை விடுவது?

2024-ல் பரோ 43 டச்டவுன் எறிந்து லீகில் முதலிடம், கூடவே 48 சாக். பிளேஆஃப் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் சேஸுக்கு நாலு வருஷத்துக்கு 161 மில்லியன் டாலர், இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்கு 115 மில்லியன். அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, இருவரும் உழைத்துச் சம்பாதித்தார்கள். கார்டு இடத்துக்கு வரும்போது மட்டும் எங்கள் டீமின் கை இறுகிவிடுகிறது. அந்த சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே சாக் ஆனபோது பரோவின் கால் பெருவிரல் போனது, அறுவை சிகிச்சை, நன்றி நவிலல் நாள் வரைக்கும் ஆட்டமில்லை.

சிகாகோக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2024-ல் உங்கள் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 சாக் வாங்கினார். அதன்பின் தூனி உட்பட உள்வரிசை மூன்று பேரையும் ஒரே மாதத்தில் மாற்றினார்கள். அந்த இரண்டு சீசனையும் ஸ்டேடியத்தில் பார்த்தவர், அவர் கால் நிற்கும் விதத்தில் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று எழுதுங்கள்.